நாலு மூட்டை அரிசியும் ஒரு டர்போவும்

சர்மிளா பிறந்தது ஆஸ்பத்திரியிலும் இல்லை, தோட்டத்து லயத்து வீட்டிலும் இல்லை. ஏற்றத்தில். நோர்வூட்டுக்குப் பக்கத்தில், கீழ்க்கணக்கு என்று சனங்கள் சொல்லும் பள்ளத்துப் பிரிவிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறிப் போகிற பாதையில், துரை பங்களாவின் கேட்டுக்குக் கொஞ்சம் மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே. அவளுடைய அம்மா பூரணிக்கு இடுப்பு வலி கண்டதும் தோட்டத்து லொறியில் ஏற்றி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஏற்றத்தின் அடியில் இருக்கும் சின்னப் பாலத்துக்கு வந்ததும் வழக்கம்போல லொறி நின்றது, வழக்கம்போல எல்லோரும் இறங்கினார்கள். பூரணியும் இறங்கி நடந்தாள். மேலே சவுக்கு மரத்தடியில் லொறி காத்துக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் பிள்ளைக்குப் பொறுமை இல்லை.

இன்றைக்கு வரைக்கும் அவளுக்கு அந்தப் பொறுமை வரவில்லை. "ஏத்தத்துப் புள்ள" என்று கீழ்க்கணக்கில் அவளுக்குப் பேர். பள்ளிக்கூடத்தில் அந்தப் பேரைச் சொல்லிக் கேலி செய்தவர்களில் இரண்டு பேருக்கு இன்னும் நெற்றியில் தழும்பு இருக்கிறது.

பாலத்தில் இறங்குவது, வழுக்கும் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது, பங்களாவைத் தாண்டி மரம் வரைக்கும் நடப்பது, மறுபடி வண்டியில் ஏறுவது. இதுதான் அந்த ஏற்றத்தின் வழக்கம். லொறி என்றாலும் இறங்குவார்கள், வேன் என்றாலும் இறங்குவார்கள். ஏன் என்று கேட்டால், "எஞ்சினுக்கு இழுக்காதுல்ல, வண்டி பாவம்" என்பார்கள். டவுனில் இருந்து திரும்பி வரும்போதும் மரத்தடியில் இறங்கிப் பாலம் வரை நடப்பார்கள். இறக்கத்தில் எஞ்சினுக்கு என்ன பாரம் என்று கேட்டால், "பிரேக்கு பத்தாதுல்ல" என்பார்கள். எது கேட்டாலும் பதில் தயாராக இருந்ததால், யாரும் மேலே கேட்கவில்லை.

சர்மிளா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தபோது வண்டி ஓட்டப் படித்தவள். திரும்பி வந்து, நாலு பேரிடம் கைமாறிய ஒரு எண்ணூறு சிசி வெள்ளைக் காரை வாங்கினாள். நோர்வூட் ஸ்டாண்டில் வாடகைக்கு ஹயர் ஓடுகிற ஒரே பொம்பளை அவள்தான். அந்தக் காரும் பாலத்தில் நிற்கும், ஆட்கள் இறங்குவார்கள், அவள் தனியாக ஏறிப் போய் மரத்தடியில் காத்திருப்பாள். தான் பிறந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். ஆனாலும் நிறுத்தினாள். எண்ணூறு சிசியை வைத்துக்கொண்டு எரிந்து என்ன செய்ய?

வயிற்றெரிச்சல் தீயாகப் பற்றியது தம்பி யோகேஸ்வரனின் மனைவி சுதர்ஷினியால். யோகேஸ்வரன் கொழும்பில் கடை ஒன்றில் வேலை. சுதர்ஷினி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். பிரஷர் இருக்கிறது, மேடு ஏறி நடக்கவே கூடாது என்று டிக்கோயாவில் டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கிளினிக்குக்குப் போன ஒருநாள், பாலத்தில் மற்றவர்கள் இறங்கினார்கள். "நீ இரு, எறங்காத" என்று சர்மிளா சொன்னாள். சுதர்ஷினி இருந்தாள். கார்தான் இருக்கவில்லை. கிளப்பினால் உறுமியது, கருகிய நாற்றம் அடித்தது, செத்தது, பின்னால் உருண்டு ரோட்டோரத் தண்ணீர்க் கானில் விழப் பார்த்தது. கடைசியில் சுதர்ஷினி கதவைத் திறந்து இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்த சர்மிளாவுக்கு அழுகை வந்தது. அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம்.

அன்று சாயந்தரம் சுதர்ஷினியிடம் சொன்னாள். "பிள்ள பெறப் போறப்ப அந்த ஏத்தத்துல ஒன் காலு தரையில படாது. பட்டா நான் இந்தக் கார ஓட்டவே மாட்டேன்."

"விடுங்க அண்ணி, எல்லாரும் நடக்குறதுதானே" என்றாள் சுதர்ஷினி.

"அப்படி எல்லாரும் நடந்து, நான் ரோட்டுல பொறந்தது போதும்."

சொல்லிவிட்டாள். சொன்னதைச் செய்ய ஒரு வழிதான் அவளுக்குத் தெரிந்தது. மறுநாள், சீட்டுக் கட்டிச் சேர்ந்த காசை நம்பி, ரிஸ்கானின் கராஜுக்குப் போய் நின்றாள்.

ரிஸ்கானுக்குத் தொழில் கராஜ், காதல் டர்போ. அண்ணன் என்கிற முறையில் அவள் அவரை "நானா" என்றுதான் கூப்பிடுவாள். ஜப்பானில் இருந்து வந்து மோதி நொறுங்கிய ஒரு குட்டிக் காரிலிருந்து கழற்றிய டர்போ ஒன்றை, பழைய சாரத் துணியில் சுற்றி மேல் தட்டில் வைத்திருந்தார். யாருக்காவது அதைப் பூட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. சர்மிளா வாயைத் திறந்ததும் அதை இறக்கி அவள் கையில் கொடுத்தார். நத்தைக் கூடு மாதிரி இருந்தது, ஆனால் நல்ல கனம்.

"இது என்ன செய்யும் நானா?"

"எஞ்சின் வீணா வெளிய விடுற பொகையில இது சுத்தும் தங்கச்சி. சுத்திச் சுத்தி காத்த அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். காத்து கூடினா பெற்றோலும் கூட எரியும், வண்டி இழுக்கும். இந்த மலையில காத்தே மெலிசு. கொழும்புல எஞ்சினுக்கு இருக்கிற மூச்சு இங்க இல்ல. அந்த மூச்ச இது குடுக்கும்."

"அப்ப போடுங்க."

ரிஸ்கான் தாடியைச் சொறிந்தார். ஆசை ஒரு பக்கம் இழுத்தாலும் மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர்.

"போடலாம். ஆனா ஒன் சீட்டுக் காசுக்குள்ள போடுறதுன்னா இழுத்துப் பறிச்சுத்தான் போடணும். இதுக்கு எண்ணெய்க் குழா இழுக்கணும். காத்துக்குத் தக்கன பெற்றோல் போக வழி செய்யணும். அது கணக்காப் போகலைன்னா பிஸ்டன் உருகிரும். இத்தன நாள் நோகாம ஓடுன எஞ்சினு, புதுசா அமுக்குற அமுக்கத்தத் தாங்குமோ என்னமோ. எல்லாம் செஞ்சாலும் கிளட்சுக்கு, பிரேக்குக்கு, டயருக்கு ஒரு சதம் மிஞ்சாது. ஒன் முன் டயரு ரெண்டும் என் தல மாதிரி ஆகிட்டு."

"எனக்கு ஏறுனாப் போதும்."

"ஏறுன வண்டி எறங்கவும் வேணுமே தங்கச்சி."

அதுதான் சிக்கல். சீட்டுக் காசு ஒரு தடவைதான் வரும். டர்போ போட்டால் மற்ற எதுவும் இல்லை. மற்றதைச் செய்தால் டர்போ இல்லை. சர்மிளா அந்த நத்தைக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு கராஜ் வாங்குப் பலகையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

நோர்வூட் சின்ன ஊர். அவள் ஸ்டாண்டுக்குத் திரும்புவதற்குள் செய்தி அங்கே டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. வேன் ஓட்டுகிற சுதாகரன் அவளைக் கண்டதும் கையை இறக்கை மாதிரி விரித்தான்.

"ஏத்தத்துப் புள்ள ராக்கெட்டு விடப் போகுதாம்! கோழிக்குஞ்சுக்குப் பருந்து றெக்க கட்டுனா பறக்குமா?"

"ஒன் வேனு பெரிய யானதானே? அது மட்டும் ஏன் பாலத்துல ஆள எறக்குது?"

"அது... அது கிளட்சு பாவம்னுதான்."

"ஒன் கிளட்சுக்கு இருக்குற பாவம்கூட பிள்ளத்தாச்சிக்கு இல்லையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுதாகரனுக்கு முகம் சுண்டிவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே சர்மிளா பாதி முடிவெடுத்துவிட்டாள். டர்போதான். உருகினால் உருகட்டும். இவன்கள் முகத்தில் புகையடித்துவிட்டு உருகட்டும்.

ஆனால் ரிஸ்கான் ஒரு நிபந்தனை போட்டார். எவ்வளவு பாரத்தில், எந்த இடத்தில் எஞ்சின் சாகிறது என்று கண்ணால் பார்க்காமல் கை வைக்கமாட்டார். நாலு ஆள் பாரத்துக்கு ஆள் கூப்பிட்டால் தோட்டம் முழுக்க வேடிக்கை பார்க்க வரும். அதனால் தன் மச்சான் ராசிக்கின் கடையில் நாலு மூட்டை அரிசியை இரவல் வாங்கினார். "ஒரு மணி அரிசி கொட்டினாலும் நீதான் பொறுப்பு மச்சான்" என்று ராசிக் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று சொல்லி அனுப்பினான். பின் சீட்டில் மூன்று மூட்டை, முன் சீட்டில் ரிஸ்கானின் காலுக்கு முன்னால் ஒரு மூட்டை. ரிஸ்கான் கால் இரண்டையும் மடக்கி மூட்டைமேல் வைத்துக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார்.

கீழ்க்கணக்குக்கு இறங்கித் திருப்பிக்கொண்டு ஏற்றத்துக்கு வந்தார்கள். எஞ்சின் முனகத் தொடங்கியது. பாலம் வந்தது. சர்மிளா காரை நிறுத்தினாள்.

ரிஸ்கான் அவளைப் பார்த்தார். "ஏன் தங்கச்சி நிப்பாட்டுன?"

"எறங்க..."

"யாரு? அரிசியா?"

சர்மிளா பின்னால் திரும்பி மூட்டைகளைப் பார்த்தாள். அவை மூன்றும் கம்மென்று உட்கார்ந்திருந்தன. ரிஸ்கான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்தாள், ஆனால் உள்ளுக்குள் என்னவோ ஒன்று சுருக்கென்றது. யாரும் சொல்லாமலேயே கால் பிரேக்கை மிதித்திருக்கிறது.

கிளப்பிப் பார்த்தாள். அதே உறுமல், அதே கருகல் நாற்றம், அதே சாவு. ரிஸ்கான் குதித்திறங்கிச் சில்லுக்குக் கல் வைத்தார்.

"பாத்தியா? கிளட்சு வழுக்குது. இங்கன நிப்பாட்டி நிப்பாட்டித்தான் இது தேஞ்சிருக்கு."

 சர்மிளா பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"நானா, நிக்காமப் போனா என்ன ஆகும்?"

"இதுக்கு முந்தி போனதே இல்லையா?"

"போனதே இல்ல. யாருமே போனதில்ல."

காரைப் பின்னால் உருட்டிச் சமதரைக்குக் கொண்டுபோனாள். முதல் கியரில் எடுத்தாள். பாலம் வந்தபோது வலது கால் தானாகப் பிரேக்குக்குத் தாவியது. "ஏய், சும்மா இரு" என்று காலைத் திட்டினாள். கார் பாலத்தைத் தாண்டியது. எஞ்சின் கத்திய கத்தலுக்குக் கொக்குகள் பறந்தன. வேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை, கூட நடக்கிற ஆள் முந்திவிடுவான். ஆனால் நிற்கவில்லை. நாலு மூட்டை அரிசியையும் ஒரு ரிஸ்கானையும் சுமந்துகொண்டு, பங்களா கேட்டைத் தாண்டி, அவள் பிறந்த இடத்தைத் தாண்டி, சவுக்கு மரத்தடியில் போய்ச் சேர்ந்தது.

சர்மிளா ஸ்டியரிங்கில் இரண்டு கையாலும் அடித்தாள். "ஏறிருச்சு நானா! சனியன் ஏறிருச்சு!"

பின்னால் விசில் சத்தம். பங்களாவின் வாச்சர் பழனியாண்டி காக்கி கோட்டும் தானுமாக மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, கண்ணு தெரியலையா? பங்களா வாசல்ல வண்டியில ஒக்காந்துகிட்டே போறியே?"

"ஒக்காராம, வண்டியத் தலையில தூக்கி வச்சுக்கிட்டா போவாங்க?"

"வாயப் பாரு! தோட்டத்து ஆளுங்க பாலத்துல எறங்கி, பங்களாவ நடந்து தாண்டி, மரத்தடியிலதான் ஏறணும். எங்கப்பா வாச்சரா இருந்த காலத்துல இருந்து அதான் மொற. வெள்ளக்காரத் தொர போட்ட சட்டம். தொர வராந்தாவுல ஒக்காந்து டீ குடிக்கிறப்ப, கூலியாளு லொறியில நிமிந்து ஒக்காந்து அவருக்கு முன்னால போகலாமா?"

சர்மிளா காரை விட்டு இறங்கினாள். "எஞ்சினுக்கு இழுக்காதுன்னுதானே எறங்குறோம்?"

பழனியாண்டி சிரித்தேவிட்டார். அவருக்கு அது பெருமைப்பட வேண்டிய விஷயமாக இருந்தது.

"எஞ்சினா! அந்தக் காலத்து லொறி தேயிலைக்குப் போடுற ஒர மூட்டைய மலையா அடுக்கிக்கிட்டு ஒரே மூச்சுல ஏறும். ஒர மூட்டைய யாரு எறக்குனா?"

ரிஸ்கான் சிரிப்பை நிறுத்தினார். சர்மிளாவுக்குக் காது இரண்டும் சூடேறின. அவள் குரல் தாழ்ந்துதான் வந்தது.

"ஒர மூட்ட எறங்கல. எங்கம்மா எறங்குனா."

பழனியாண்டிக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது பார்வையைத் தேயிலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த ஊரில் அவள் எங்கே பிறந்தாள் என்று தெரியாதவர் யார்?

"இப்ப பங்களாவுல எந்தத் தொர இருக்காரு?" என்று கேட்டாள்.

"இப்ப... டூரிஸ்டுக்கு வாடகைக்கு விடுறாங்க. இந்த மாசம் ஆளு இல்ல."

"ஆளில்லாத வராந்தாவுக்கு ஊரே எறங்கி நடக்குது. இனிமே என் கார்ல ஒருத்தரும் எறங்க மாட்டாங்க. போய் ஒங்க தொரகிட்டச் சொல்லுங்க, இருந்தா."

"மொறன்னா மொறதாம்மா" என்று முனகிக்கொண்டே அவர் இறங்கிப் போனார். அந்தத் துரை கப்பலேறிப் போய்ச் செத்தே எத்தனையோ காலம் ஆகியிருக்கும். அவனுக்காக இவர்கள் இன்னும் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூட்டைக்கு இருந்த மரியாதை மனுசருக்கு இல்லாத ஒரு சட்டத்துக்கு, எஞ்சின் பாவம் என்று பேர் வைத்து வளர்த்திருந்தார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

கராஜில் ரிஸ்கான் டர்போவை எடுத்துத் துடைத்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"உண்மையச் சொல்லுறேன் தங்கச்சி. டர்போ ஓடுற எஞ்சினுக்குத்தான் கை குடுக்கும். எஞ்சின் நல்லாச் சுத்தினாத்தான் பொக வரும், பொக வந்தாத்தான் இது சுத்தும். நின்ன எடத்துல இருந்து கெளம்புறதுக்கு இது ஒதவாது. ஒன் கார அந்தப் பாலத்துல சாகடிச்சது எஞ்சின் இல்ல. நிக்கிறது."

சர்மிளா அதைக் கையில் வாங்கி இன்னொரு தடவை பார்த்தாள். ஆசை விட்டுப்போகவில்லை. இதைப் பூட்டிக்கொண்டு, மெயின் ரோட்டில் சுதாகரனின் வேனை உய்ங்கென்று தாண்டிப் போவதை நினைத்தால் இனித்தது. காசு ஒன்று, தாண்டவேண்டியது சுதாகரனையா ஏற்றத்தையா?

"மேல வைங்க நானா. கிளட்சு போடுங்க, பிரேக்கு செய்ங்க, முன்னுக்கு ரெண்டு டயரு. என் காசு அதுக்குத்தான்."

வேலை முடிந்தது. இனிக் கவலை இல்லை என்று நினைத்தாள். அங்கேதான் கணக்குத் தப்பியது. சந்தைக்குப் போக மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தாள். பாலத்தில் எஞ்சின் சத்தம் மாறியதுதான் தாமதம், ஓடுகிற காரில் இரண்டு பக்கக் கதவும் திறந்துகொண்டன. ஒருத்தியின் கால் வெளியே தொங்கியது. சர்மிளா அலறிக்கொண்டு பிரேக் பிடித்தாள். "வண்டி பாவம்ல பாப்பா" என்று சொல்லிக்கொண்டே மூவரும் இறங்கி நடந்துவிட்டார்கள். மூட்டைகள் எவ்வளவோ தேவலை.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளைக்காரத் துரையின் சட்டம், உர மூட்டை, எல்லாம். பூரணி கொழுந்து பறித்துக் காய்ந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"எந்தத் தொரையோ சொன்னான்னு யாருடி எறங்குறா? வண்டிக்குப் பாரம்னு நாங்களாத்தான் எறங்குறோம்."

"நாமளா எறங்குறதாத்தானே நெனச்சோம்! அதுக்குத்தாம்மா எனக்கு எரியுது."

"சரி சரி. சுதர்ஷினிய மட்டும் ஏத்திக்க. நான் நடந்துக்கிறேன்."

நாய் வாலை நிமிர்த்த முடியாவிட்டால் என்ன, கதவைப் பூட்ட முடியுமே. மறுநாள் சர்மிளா பின்கதவுகளின் ஓரத்தில் இருக்கும் குட்டி ஊசியைக் கீழே தள்ளினாள். சின்னப் பிள்ளைகள் ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்துவிடாமல் இருக்க வைத்த பூட்டு அது. உள்ளேயிருந்து யாரும் திறக்க முடியாது. யாரிடமும் அவள் சொல்லவில்லை.

சுதர்ஷினிக்கு வலி கண்டது ஒரு காலை நேரம். ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போயிருந்தார்கள். மழை பிடித்திருந்தது. சுதர்ஷினியையும் அம்மா பூரணியையும், துணைக்கு வந்த பக்கத்து லயத்து ஷாமிலாவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு சர்மிளா கிளப்பினாள். ரோடு வழுக்கியது. புதிய டயர்கள் பிடித்துக்கொண்டன.

எஞ்சின் முனகத் தொடங்கியது. பாலம் தெரிந்தது. பின்னால் கதவின் பிடி இழுபடும் சத்தம்.

"கதவத் தொறக்க முடியலடி."

"முடியாதும்மா. பூட்டியிருக்கேன்."

"ஐயையோ, தொறடி! நானும் ஷாமிலாவும் எறங்கிக்கிறோம். பிள்ளத்தாச்சியோட வண்டி நின்னு போச்சுன்னா?"

"நீங்க எறங்கணும்னு நிப்பாட்டுனாத்தாம்மா நிக்கும்!"

பாலம் கடந்தது. பூரணி பிடியை இழுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு விட்டுவிட்டாள். சுதர்ஷினி பல்லைக் கடித்துக்கொண்டு பூரணியின் கையைப் பற்றியிருந்தாள். கார் உறுமிக்கொண்டு ஏறியது. பங்களா கேட்டுக்கு முன்னால், நடு ரோட்டில், குடையும் கையுமாகப் பழனியாண்டி நின்றார். கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

சர்மிளா ஹோனை அழுத்தினாள். அவர் நகரவில்லை. இன்னும் பத்துப் பன்னிரண்டு அடி. நிறுத்தினால் இந்த ஈரத்தில் மறுபடி எடுக்க முடியுமா என்று அவளுக்கே தெரியாது. நிறுத்தாவிட்டால் மனுசர் சில்லுக்கு அடியில். அவளுடைய கால் பிரேக்குக்கு மேலே போய் நின்றது.

பின்கதவின் கண்ணாடி சரசரவென்று இறங்கியது. மழைக்குள் தலையை நீட்டினாள் பூரணி. அந்த இடத்தில் எத்தனை வருசமாகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குனிந்து நடந்த தலை அது.

"பழனியாண்டி! தள்ளுய்யா அங்கிட்டு! ஒரு புள்ளைய இந்த ரோட்டுலயே பெத்தாச்சு, இன்னொன்னப் பெத்துக்க எடம் இல்ல!"

பழனியாண்டி ஒரே தாவில் தேயிலைக்குள் பாய்ந்தார். குடை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கார் கேட்டைத் தாண்டியது. சர்மிளா பிறந்த இடத்தைத் தாண்டும்போது பூரணி கண்ணாடியை ஏற்றாமல், நனைந்துகொண்டே, திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மரத்தடி வந்ததும் கேட்டாள்.

"இவ்வளவு கொஞ்சத் தூரந்தானாடி?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு லொறியில என்னய ஏத்தியே கொண்டு போயிருக்கலாம்ல." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மழையா அழுகையா என்று கேட்க சர்மிளாவுக்கும் தைரியம் வரவில்லை. கண் மங்கிப்போய் அவள் வைப்பரை வேகமாகப் போட்டாள், அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

டிக்கோயாவில், கட்டிலில், டொக்டரும் நர்ஸும் பக்கத்தில் நிற்க, சுதர்ஷினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. யோகேஸ்வரன் போனில் அழுதான்.

அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ஒரு வேடிக்கை நடந்தது. சுதாகரன் தலையைச் சொறிந்துகொண்டு ரிஸ்கானின் கராஜுக்கு வந்து டர்போவைப் பற்றி விசாரித்தானாம். ஷாமிலா சொன்ன கதையைக் கேட்ட கீழ்க்கணக்குச் சனங்கள், அவன் வேனில் பாலம் வந்தும் இறங்கவில்லையாம். "சர்மிளா கார்ல எறங்காமப் போறாங்க, ஒன் வேனுக்கு மட்டும் என்ன கேடு?" என்று உட்கார்ந்தபடியே கேட்கிறார்களாம். வழக்கம்போல நிறுத்திவிட்டு, ஆட்களோடு எடுக்க முடியாமல் பாலத்திலேயே நின்றானாம்.

ரிஸ்கான் போனில் கேட்டார். "என்ன தங்கச்சி சொல்லட்டும்?"

"நிக்காமப் போகச் சொல்லுங்க நானா. அதுக்குக் காசு வேணாம்."

பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்த நாள் வெயில் அடித்தது. மெயின் ரோட்டில் இருந்து திரும்பி, சவுக்கு மரத்தை நிற்காமல் தாண்டினார்கள். புதிய பிரேக் சொன்னபடி கேட்டது. கேட்டடியில் பழனியாண்டி நின்றுகொண்டிருந்தார், இந்தத் தடவை ஓரமாக.

"நிப்பாட்டு" என்றாள் பூரணி.

சர்மிளா கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். இவ்வளவும் செய்து, கடைசியில் இதுதானா?

"அம்மா..."

"நிப்பாட்டுங்கிறேன்ல. கேட்டுக்கு நேரா."

நிறுத்தினாள். இறங்கிப் போய் வெளியிலிருந்து பின்கதவைத் திறந்துவிட்டாள். பூரணி பேத்தியைத் துணியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு இறங்கினாள். செருப்பு காலிலேயே இருந்தது. நேராகப் பழனியாண்டியிடம் போனாள்.

"இந்தா பாருங்க. எங்க பேத்தி."

பழனியாண்டி சங்கடத்தோடு எட்டிப் பார்த்தார். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் முகம் கொஞ்சம் இளகியது. "அத்தக்காரி மொகச்சாடதான்" என்றார்.

"நல்லாப் பாத்துக்கங்க. இவ இந்த வாசல்ல எறங்குனது இதான் மொதலும் கடைசியும்."

சொல்லிவிட்டுப் பூரணி திரும்பினாள். பாலம் வரைக்கும் நடக்கவில்லை. அந்தக் கேட்டுக்கு முன்னாலேயே, அந்த வராந்தா பார்க்க, பிள்ளையோடு காரில் ஏறி, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ம், எடு" என்றாள்.

சர்மிளா கதவைச் சாத்தினாள். அதற்கு முன்னாலேயே கதவோரத்துக் குட்டி ஊசியை மேலே தள்ளிவிட்டிருந்தாள். இனி அது தேவைப்படாது.